எட்டுப் பட்டங்களும் ஒற்றைப் பட்டமும்

குத்துச்சண்டை வீரர்களில் யார் பெரியவர் என்ற பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் எண்ணிக்கையில் வந்து நிற்கிறது. மேனி பக்கியாவ் எட்டு எடைப்பிரிவுகளில் பட்டம் வென்றவர், ஃப்ளாய்ட் மேவெதர் ஐந்து, ஆகவே பக்கியாவ்தான் பெரியவர் என்பார்கள். எதிர்த்தரப்பும் எண்ணிக்கையோடுதான் வரும்: மேவெதர் 50 சண்டையில் ஒன்றுகூடத் தோற்கவில்லை, பக்கியாவ் எட்டுத் தோற்றிருக்கிறார். இரண்டு கணக்குமே எனக்கு ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்று காட்ட இரண்டு பெயர் போதும். ஏட்ரியன் ப்ரோனர் 130, 135, 140, 147 பவுண்டு என நான்கு பிரிவுகளில் உலகப் பட்டம் வைத்திருந்தவர். மார்வின் ஹேக்லர் வாழ்நாள் முழுக்க 160 பவுண்டு மிடில்வெயிட்டில் மட்டுமே பட்டத்துக்காக நின்றவர். பிரிவுகளை எண்ணுவதுதான் அளவுகோல் என்றால் ப்ரோனர் ஹேக்லரைவிட நான்கு மடங்கு பெரியவர். இந்த விளையாட்டை ஓராண்டு பார்த்தவர்கூட இதை ஏற்க மாட்டார். எண்ணிக்கையை வாயால் சொல்கிறோம், மனசு வேறு எதையோ அளக்கிறது. அந்த 'வேறு எது' என்பதைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படிகளின் உயரத்தைப் பார்க்கலாம், ஏனென்றால் அவை ஒரே உயரத்தில் இல்லை. பழைய எட்டுப் பிரிவுகள்: ஃப்ளை 112 பவுண்டு, பேண்டம் 118, ஃபெதர் 126, லைட் 135, வெல்டர் 147, மிடில் 160, லைட் ஹெவி 175, அதற்கு மேல் ஹெவி. இன்று பதினேழு. உலகப் பட்டங்களை வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. புதிதாகச் சேர்த்த பிரிட்ஜர்வெயிட்டையும் எண்ணினால் பதினெட்டு. இதில் 112-லிருந்து 115-க்குப் போவது 2.7 சதவீத ஏற்றம். 126-லிருந்து 130 என்பது 3.2 சதவீதம். 140-லிருந்து 147 ஐந்து சதவீதம். 175-லிருந்து ஹெவிக்கு முந்தைய க்ரூசர் பிரிவின் 200 பவுண்டுக்குப் போக 14 சதவீதத்துக்கு மேல். ஃப்ளைவெயிட்டில் இருப்பவர் ஒன்றரைக் கிலோ கூடினால் அடுத்த பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடும். லைட் ஹெவியில் இருப்பவர் பதினொரு கிலோவைத் தாண்ட வேண்டும். 'மூன்று பிரிவு' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு மிக வேறான உழைப்புகள் அடங்கிவிடுகின்றன. இதோடு ஒவ்வொரு பிரிவிலும் டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என நான்கு அமைப்புகள், ஆளுக்கொரு பெல்ட், அதாவது ஆளுக்கொரு உலகப் பட்டம். பதினேழை நான்கால் பெருக்கினால் 68 உலகச் சாம்பியன்களுக்கு இடம் இருக்கிறது. ஒரு பிரிவில் நால்வரில் பலவீனமானவரைத் தேடிப் பிடித்து அடித்தாலும் அந்தப் பிரிவின் பெயர் பட்டியலில் ஏறிவிடும்.

எடை பார்க்கும் நேரமும் மாறிவிட்டது. 1980களின் முற்பகுதிவரை சண்டை நாளன்றே எடை பார்த்தார்கள். காலையில் 147 என்றால் இரவு ரிங்குக்குள்ளும் ஏறத்தாழ அவ்வளவுதான். இப்போது முந்தைய நாளே எடை பார்த்துவிடுகிறார்கள். கடைசி வாரம் உப்பையும் மாவுச்சத்தையும் குறைத்து, கடைசி நாளில் வெந்நீர்த் தொட்டியிலும் வியர்வை உடையிலும் உடம்பின் நீரை வடித்து எடை மேடை ஏறுவார்கள். இறங்கியதும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், அப்புறம் சோறு, பாஸ்தா. மறுநாள் ரிங்கில் பத்து, பதினைந்து பவுண்டு கூடி நிற்பது இன்று சாதாரணம். வடித்த நீர் முழுதாகத் திரும்பாமல் போனால் கால் கனக்கும், ஏழாவது ரவுண்டுக்கு மேல் அடி தாங்காது. ஆகவே 1938-இன் வெல்டர்வெயிட்டும் இன்றைய வெல்டர்வெயிட்டும் ஒரே உடம்பு அல்ல.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் பத்து மாதம்

1937 அக்டோபர் 29 அன்று ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் பீட்டி சாரனை ஆறாவது ரவுண்டில் வீழ்த்தி ஃபெதர்வெயிட் பட்டம் வென்றார். 1938 மே 31 அன்று பார்னி ராஸைப் பதினைந்து ரவுண்டு விரட்டி விரட்டி அடித்து வெல்டர்வெயிட் பட்டம். ஆகஸ்ட் 17 அன்று லூ ஆம்பர்ஸிடமிருந்து லைட்வெயிட் பட்டம். பத்து மாதத்துக்குள் மூன்று, அதுவும் மொத்தம் எட்டுப் பிரிவுகளே இருந்த காலத்தில். மூன்றையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார்.

இந்தச் சாதனையின் கனம் 'மூன்று' என்ற எண்ணில் இல்லை, ராஸ் சண்டையின் எடைக் குறிப்பில் இருக்கிறது. ராஸ் 142 பவுண்டு. ஆர்ம்ஸ்ட்ராங் 133½. அதாவது 135 பவுண்டு லைட்வெயிட் வரம்புக்குள் நிற்கும் உடம்போடு வெல்டர்வெயிட் சாம்பியனை அடித்திருக்கிறார். எடை கூடித் தெரிய அவர் தண்ணீரும் பீரும் குடித்துவிட்டு மேடை ஏறினார் என்பது அந்தச் சண்டையைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை. இன்று எல்லோரும் எடையைக் குறைக்கப் பாடுபடுகிறார்கள், அவர் கூட்டப் பாடுபட்டார். எதிரே நின்ற ராஸும் சாதாரண ஆள் இல்லை, அதற்கு முன்பே லைட்வெயிட்டிலும் சாம்பியனாக இருந்தவர். ஆம்பர்ஸ் சண்டையில் வாயின் உள்பக்கம் கிழிந்து, ரத்தத்தை விழுங்கிக்கொண்டே ஆர்ம்ஸ்ட்ராங் முடித்தார். இடுப்புக்குக் கீழே அடித்ததற்காகச் சில ரவுண்டுகளை நடுவர் அவரிடமிருந்து பறித்தும், மூன்று தீர்ப்பாளர்களில் ஒருவர் மாறுபட்ட பிளவுபட்ட தீர்ப்பில் தப்பினார். மறு ஆண்டு மறுபோட்டியில் அதே குற்றத்துக்காக ஐந்து ரவுண்டுகளை இழந்து அந்தப் பட்டத்தையே தோற்றார். தலையை எதிராளியின் மார்பில் முட்டி, இரண்டு கையையும் நிறுத்தாமல் வீசும் பாணிக்கு அது கொடுத்த விலை.

பக்கியாவின் எட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவரைச் சின்னதாக்கும் நோக்கம் எனக்கில்லை, எட்டும் ஒரே தரமில்லை என்று காட்டத்தான். 1998 டிசம்பரில் சாச்சாய் சசகுலை எட்டாவது ரவுண்டில் சாய்த்து ஃப்ளைவெயிட் பட்டம் வென்றபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அடுத்த ஆண்டே எடை வரம்புக்குள் வர முடியாமல் பட்டத்தை எடை மேடையிலேயே இழந்தார். மறுநாள் ரிங்கில் வற்றிய உடம்போடு மூன்றாவது ரவுண்டில் விழுந்தார். 2001-இல் லெஹ்லோஹோனோலோ லெட்வாபாவை வென்று 122 பவுண்டு பட்டம். இந்த முதல் ஏற்றத்தில் ஒரு பங்கு, வளரும் பையனின் எலும்பு வளர்ந்தது. திறமை வேறு, வயது வேறு. அவருடைய உண்மையான மலை 2008 மார்ச்சுக்கும் 2009 நவம்பருக்கும் இடையில் இருக்கிறது. 130-இல் ஹுவான் மானுவெல் மார்க்கெஸ், 135-இல் டேவிட் டயஸ், 140-இல் ரிக்கி ஹேட்டன், 147-இல் மிகெல் கோட்டோ. எலும்பு வளர்ச்சி நின்றுபோன முப்பதை ஒட்டிய வயதில், இருபது மாதத்தில், நான்கு பிரிவு.

இந்த நான்குக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. டயஸ் கையில் இருந்தது டபிள்யூ.பி.சி. பெல்ட். அந்த நேரத்தில் மற்ற மூன்று பெல்ட்டும் நேட் கேம்பெல்லிடம் இருந்தன. கோட்டோ சண்டை 147-க்கு அல்ல, 145 பவுண்டு கேட்ச்வெயிட்டுக்கு, அதாவது பிரிவின் வரம்பு அல்லாமல் இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ளும் எடைக்கு. சாம்பியனைத் தன் எடையிலிருந்து இரண்டு பவுண்டு கீழே இழுத்து வரச் சொல்லி, அவருடைய பட்டத்துக்கே மோதியது. ஹேட்டன் சண்டையில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. 140-இல் ஹேட்டனை யாரும் அதுவரை தோற்கடித்ததில்லை, பக்கியாவ் இரண்டாவது ரவுண்டிலேயே இடது கையால் தூங்க வைத்தார்.

எட்டாவது பட்டம்தான் மிகச் சிக்கலானது. 2010 நவம்பரில் ஆண்டோனியோ மார்கரீட்டோவோடு, 154 பவுண்டு பிரிவின் காலியாக இருந்த பட்டத்துக்கு, 150 பவுண்டு கேட்ச்வெயிட்டில் மோதினார். எடை மேடையில் பக்கியாவ் 144.6. அதாவது 154 பவுண்டுப் பட்டத்தை வென்றவர் 147-க்கும் கீழே இருந்தார். எதிரே இருந்தவர் 2009 ஜனவரியில் ஷேன் மோஸ்லியிடம் அடிபட்டுத் தோற்றவர். அந்தச் சண்டைக்கு முன் கைக்கட்டில் கெட்டியான பொருள் வைத்திருந்ததாகப் பிடிபட்டு கலிஃபோர்னியாவில் உரிமம் இழந்தவர். பட்டம் என்ற அளவில் இதன் மதிப்பு குறைவு. ஆனால் சண்டை இரவில் மார்கரீட்டோ 165, பக்கியாவ் 148. பதினேழு பவுண்டு பெரிய ஆளைப் பன்னிரண்டு ரவுண்டு அடித்து, கண்குழி எலும்பு உடையும் அளவுக்குக் கொண்டுபோனது பெரிய காரியம். சாதனை பெரிது, பட்டம் சிறிது. எண்ணிக்கைப் பட்டியல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இல்லை.

இன்னும் வெளிப்படையான ஓர் இரவு இருக்கிறது. 1988 நவம்பர் 7 அன்று டோனி லலோண்டின் 175 பவுண்டு டபிள்யூ.பி.சி. பட்டமும், அதே அமைப்பு அப்போதுதான் உருவாக்கிய 168 பவுண்டுப் பட்டமும் ஒரே சண்டையில் பந்தயமாக வைக்கப்பட்டன. ஒப்பந்த எடை 168. ஷுகர் ரே லெனார்ட் நான்காவது ரவுண்டில் கீழே விழுந்து எழுந்து, ஒன்பதாவதில் லலோண்டை முடித்தார். ஒரே இரவில் நான்காவது பட்டமும் ஐந்தாவது பட்டமும். ஆனால் அவர் 175 பவுண்டு எடையில் நின்ற ஒருவரோடு ஒருநாளும் மோதவில்லை. மூன்று நாள் முன்புதான் தாமஸ் ஹெர்ன்ஸ், புதிதாய்ப் பிறந்த டபிள்யூ.பி.ஓ.வின் 168 பவுண்டுப் பட்டத்தை வென்று தன் ஐந்தாவதை எட்டியிருந்தார். ஹெர்ன்ஸும் லெனார்டும் இந்தப் பட்டங்கள் இல்லாமலேயே மாபெரும் வீரர்கள். 1981-இல் அவர்கள் 147-இல் ஒருவரோடொருவர் மோதிய பதினான்கு ரவுண்டு இந்த ஐந்தாவது பட்டங்களைவிட எவ்வளவோ மேல்.

பதினான்காவது ரவுண்டுக்கு எழ முடியாத ராபின்சன்

எனக்கு இந்தக் கணக்கு முழுதாக உடைவது ஒரு தோல்வியில். 1952 ஜூன் 25, நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியம். மிடில்வெயிட் சாம்பியன் ஷுகர் ரே ராபின்சன், லைட் ஹெவி சாம்பியன் ஜோயி மேக்ஸிமின் பட்டத்துக்காக மேலே ஏறினார். ராபின்சன் 157½ பவுண்டு, மேக்ஸிம் 173. திறந்தவெளி, விளக்குகளுக்குக் கீழே வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட். நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீனே பத்தாவது ரவுண்டோடு தாங்க முடியாமல் வெளியேறி, வேறு நடுவர் உள்ளே வந்தார்.

பதின்மூன்று ரவுண்டு முடிந்தபோது மூன்று மதிப்பெண் அட்டைகளிலும் ராபின்சன்தான் முன்னணி: வென்ற ரவுண்டு, தோற்ற ரவுண்டு, சமன் என்ற வரிசையில் 10-3, 9-3-1, 7-3-3. மீதி இரண்டு ரவுண்டில் விழாமல் நின்றிருந்தாலே மூன்றாவது பிரிவின் பட்டம் அவருடையது. ஆனால் பதின்மூன்றாவதில் அவர் வீசிய குத்து காற்றில் போக, வீசிய வேகத்தில் தானே கீழே விழுந்தார். பதினான்காவது மணி அடித்தபோது ஸ்டூலிலிருந்து எழ முடியவில்லை. தொழில்முறை வாழ்க்கையில் அவர் நேரம் முடியுமுன் தோற்ற ஒரே சண்டை அதுதான்.

வெயில் இருவருக்கும் பொது, பிறகு ஏன் ஒருவர் மட்டும் விழுந்தார்? பதினைந்து பவுண்டு எங்கே வேலை செய்கிறது என்பதை இந்தச் சண்டை மாதிரி எதுவும் காட்டியதில்லை. குத்தின் பலத்தில் அல்ல, இருவரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்து நிற்கும் கிளின்ச்சில். பெரிய ஆள் ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் தன் பாரத்தை எதிராளியின் கழுத்திலும் தோளிலும் சாய்ப்பான். அதைத் தள்ளிவிட்டு வெளியே வரச் சின்ன ஆள் கால்பலம் முழுவதையும் செலவழிக்க வேண்டும். வெளியே வந்ததும் பிடிபடாமலிருக்க ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். மேக்ஸிம் நடந்தார், சாய்ந்தார், காத்திருந்தார். ராபின்சன் ஆடினார், அடித்தார், தள்ளினார். பெரிய எதிரியோடு மோதுகிறவர்கள் இன்றும் எட்டாவது ரவுண்டுக்கு மேல் கரைவது இந்தச் செலவில்தான்.

பட்டியல்படி ராபின்சனுக்கு இரண்டே பிரிவு: வெல்டர், மிடில். ஆனாலும் 'பவுண்டுக்குப் பவுண்டு', அதாவது எடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் யார் சிறந்தவர் என்ற பேச்சு வந்தாலே முதல் பெயர் இன்றும் அவருடையதுதான், அது சரியும்கூட. ஜேக் லமோட்டாவோடு அவர் ஆறு முறை மோதினார். முதல் ஐந்தும் 1942-க்கும் 1945-க்கும் இடையில், ராபின்சன் வெல்டர்வெயிட்டாக இருந்தபோது, பட்டம் எதுவும் பந்தயத்தில் இல்லாமல். 1943 பிப்ரவரியில் லமோட்டா அவரை ரிங்குக்கு வெளியே தள்ளி முதல் தோல்வியைக் கொடுத்த இரவில் எடை வித்தியாசம் சுமார் பதினாறு பவுண்டு. மூன்றே வாரத்தில் ராபின்சன் மீண்டும் அவரோடு மோதி வென்றார். 1951 பிப்ரவரி 14 அன்று ஆறாவது மோதலில் மிடில்வெயிட் பட்டம் கிடைத்தது. பட்டியலில் அந்த ஒன்றுக்குத்தான் இடம். முந்தைய ஐந்தும் எந்த எண்ணிக்கையிலும் வராது. எடையைத் தாண்டிய அவருடைய பெருமை முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

ராபர்ட்டோ டுரானுக்கும் இப்படியே. 135-இல் ஏழு ஆண்டு சாம்பியன், 1980 ஜூனில் லெனார்டை 147-இல் வென்றவர், 1989-இல் 37 வயதில் அய்ரன் பார்க்லியைக் கீழே விழவைத்து மிடில்வெயிட் பெல்ட் வாங்கியவர். ஆனால் 1983 நவம்பரில் ஹேக்லரோடு பதினைந்து ரவுண்டு நின்று 144-142, 144-143, 146-145 என்று நூலிழையில் தோற்றாரே, லைட்வெயிட்டாக வளர்ந்த ஓர் உடம்பு அந்த ஹேக்லரிடம் அப்படித் தோற்றதை நான் பல சாம்பியன்களின் வெற்றிகளுக்கு மேலே வைப்பேன்.

ஏறாமல் நின்றவர்கள்

இங்கேதான் ஹேக்லர் திரும்ப வருகிறார். மேலே ஏறி வருபவரின் மதிப்பு, மேலே காத்திருப்பவரின் தரத்தைப் பொறுத்தது. டுரான், ஹெர்ன்ஸ், லெனார்ட் மூவரும் தங்கள் பெயரைப் பெரிதாக்க ஹேக்லரைத் தேடி வந்தார்கள். 1980 செப்டம்பரில் ஆலன் மின்டரை லண்டனில் மூன்றே ரவுண்டில் கிழித்துப் பட்டம் எடுத்ததிலிருந்து 1987 ஏப்ரலில் லெனார்டிடம் பிளவுபட்ட தீர்ப்பில் இழந்தவரை பன்னிரண்டு முறை காத்தார். அவர் ஏன் ஏறவில்லை என்று கேட்பவர்கள் அன்றைய படிகளைப் பார்க்க வேண்டும். அவருடைய ஆட்சியின் பெரும்பகுதியில் 168 என்ற பிரிவு வேரூன்றியே இருக்கவில்லை. அடுத்த படி 175, அங்கே நின்றவர் மைக்கேல் ஸ்பிங்க்ஸ். இன்றைய பிரிவுகளோடு பிறந்திருந்தால் ஹேக்லருக்கும் இரண்டு மூன்று பெல்ட் கூடியிருக்கும், ஆளின் தரம் அப்படியேதான் இருந்திருக்கும்.

மெக்சிகோவின் ரிக்கார்டோ லோபஸ் 105 பவுண்டில் எட்டு ஆண்டு சாம்பியன், கடைசியில் 108-க்குப் போனார், 51 வெற்றி, ஒரு சமன், தோல்வியே இல்லை. நேர்க்கோட்டில் வரும் இடது கையும் அதைத் தொடர்ந்து கீழிருந்து மேலே வரும் குத்தும் அவரைப்போல் இலக்கணச் சுத்தமாக வீசியவர்கள் மிகக் குறைவு. 47 கிலோ ஆட்களைப் பார்க்கக் கூட்டம் வராது என்பதால் அவர் பெயர் வெளியே வரவில்லை. ஹெவிவெயிட்டில் நிற்பவருக்கோ ஏறப் படியே கிடையாது. 25 முறை பட்டத்தைக் காத்த ஜோ லூயிஸைப் பிரிவு எண்ணிக்கையால் அளப்பதில் எந்த அர்த்தமும் இல்லை.

ஏறியவர்களுக்கு இறங்குவது இன்னொரு ஆபத்து. ராய் ஜோன்ஸ் 160-இல் தொடங்கி 2003 மார்ச்சில் 193 பவுண்டோடு 226 பவுண்டு ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பெல்ட் எடுத்தார். அங்கேயே விட்டிருக்கலாம். எட்டு மாதத்தில் மீண்டும் 175-க்கு இறங்கினார். ஹெவிக்காக ஏற்றிய எடையில் பெரும்பங்கு தசை. தசையைக் கரைத்து எடை குறைத்தால் வேகமும் அடி தாங்கும் வலுவும் சேர்ந்தே போய்விடும். ஆண்டோனியோ டார்வரை நவம்பரில் மூச்சிரைக்க வென்றார். 2004 மே மாதம் அதே டார்வர் இரண்டாவது ரவுண்டில் அவரை வீழ்த்தினார், செப்டம்பரில் க்ளென் ஜான்சன் ஒன்பதாவதில். கெல் ப்ரூக் 147-லிருந்து 160-க்குப் போய் கொலோவ்கினிடம் ஒரு கண்குழி எலும்பை உடைத்துக்கொண்டார். எட்டு மாதத்தில் திரும்ப 147-க்கு இறங்கி எரால் ஸ்பென்ஸிடம் மறு கண்ணின் எலும்பும் உடைந்தது.

நம் நாட்டில் இதற்கு மேரி கோம் இருக்கிறார். அவருடைய ஆறு உலகத் தங்கங்களும் 45, 46, 48 கிலோவில் வந்தவை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு வைத்ததோ மூன்றே பிரிவு: 51, 60, 75. வேறு வழியின்றி 51-க்கு ஏறி, தன்னைவிட உயரமான, கனமான பெண்களோடு மோதி, அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று வெண்கலம் வாங்கினார். தங்கங்களை எண்ணுபவர்கள் அந்த வெண்கலத்தின் எடையைக் கவனிப்பதில்லை.

நல்ல வேளையாக அண்மைக் காலச் சிறந்தவர்கள் படிகளை எண்ணுவதைவிட ஒரு படியை முழுதாகக் கைப்பற்றுவதில் கவனமாக இருக்கிறார்கள். நவோயா இனோவே 118-இல் நான்கு பெல்ட்டையும் 2022 டிசம்பரில் சேர்த்தார், 122-இல் 2023 டிசம்பரில் அதையே மீண்டும் செய்தார். ஒலெக்ஸாண்டர் உசிக் க்ரூசரில் 2018-இல் நான்கையும் சேர்த்துவிட்டு ஹெவிக்குப் போனார். 2024 மே மாதம் தன்னைவிட முப்பத்தெட்டு பவுண்டு கனமான டைசன் ஃப்யூரியை வென்று அங்கேயும் சேர்த்தார். டெரன்ஸ் க்ராஃபர்ட் 140-இலும் 147-இலும் நான்கையும் வைத்திருந்தவர். 2025 செப்டம்பரில் 154-லிருந்து 160-ஐத் தாண்டி நேராக 168-க்குப் போய், கனேலோ ஆல்வாரஸிடமிருந்து மூன்றாவது முறையாக நான்கு பெல்ட்டையும் எடுத்தார். கனேலோவுக்கு அப்போது 35 வயது, உச்சத்தைத் தாண்டியிருந்தார் என்பது உண்மை. ஆனால் க்ராஃபர்டுக்கும் 38 நெருங்கிக்கொண்டிருந்தது, கேட்ச்வெயிட் எதுவும் கேட்கவும் இல்லை.

என் வரிசையில் முதலில் ராபின்சன், அடுத்து ஆர்ம்ஸ்ட்ராங், பிறகு டுரான். பக்கியாவ் அவர்களுக்கு அடுத்து வருவது எட்டுக்காக அல்ல, அந்த இருபது மாதத்துக்காகவும் 2003-இல் மெக்சிகோவின் மார்க்கோ ஆண்டோனியோ பரேராவைப் பதினோராவது ரவுண்டில் நிறுத்தியதற்காகவும். அதற்கடுத்த இடத்தில் ஹேக்லரும் மேவெதரும் க்ராஃபர்டும் தோளோடு தோள் நிற்கிறார்கள், அந்த மூவரில் ஒருவரை முன்னே நகர்த்தச் சொன்னால் ஒரே பிரிவில் நின்றவரைத்தான் நகர்த்துவேன்.